புளிச்சகீரை

பழனியம்மாள் கடைந்த கீரையை விரல் நுனியில் எடுத்துச் சென்றாயனின் கீழுதட்டில் வைத்தாள். அவன் நாக்கு மெதுவாக வெளியே வந்து அதைத் தொட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துச் சத்தம் எதையோ கேட்பவன்போல அசையாமல் கிடந்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. விடிந்ததும் அவனாகத்தான் கேட்டிருந்தான். கஞ்சித் தண்ணீரே இறங்காத தொண்டையிலிருந்து "புளிச்சகீரை" என்று ஒரு சொல் வந்ததும், அவள் அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். பறித்து, ஆய்ந்து, பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்து வேகவைத்து, மண்சட்டியில் கடைந்து, வரமிளகாய் கிள்ளித் தாளித்துக் கொண்டுவந்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினான். புளிப்புப் போதவில்லையோ என்று முற்றின இலையாகப் பார்த்துப் பறித்து மறுபடியும் செய்தாள். அதுவும் இப்போது சட்டியோடு ஆறிக்கொண்டிருந்தது.

நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப்போன வண்டி, ஓடைச் சரிவில் குடைசாய்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாடுகள் அறுத்துக்கொண்டு தப்பித்துவிட்டன. சென்றாயன் வண்டிக்கு அடியில் கிடந்தான். இடுப்பெலும்பு விட்டுப்போனது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியர் வரும்போதெல்லாம், சர்க்கார் கள்ளுக்கடையை மூடாமலிருந்தால் வலி தெரியாமலிருக்க ஒரு மொந்தை கொடுத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். முதுகில் புண் வந்தது. புண்ணோடு காய்ச்சலும் வந்தது. கடைசியாக வந்தபோது வைத்தியர் கட்டை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்றார்.

அப்படிச் சொல்லி வரவழைத்ததில்தான் பனமரத்துப்பட்டியிலிருந்து சென்றாயனின் அக்கா முத்தாயம்மாள் வந்திருந்தாள். நாத்தனாரைப் பழனியம்மாள் நங்கை என்று கூப்பிடுவாள். முத்தாயம்மாள் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, இரண்டு சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது கீரையத் தேடல, பழனி. கையத் தேடுது."

"ஆரு கையவுங்க, நங்கை?"

முத்தாயம்மாள் விசிறியை நிறுத்தினாள். சொல்லலாமா என்று யோசித்ததுபோல இருந்தது.

"அங்காளா கடைஞ்சா சட்டிய வழிச்சுத் திம்பான். அந்த ஆசதான் நிக்குது. அது தீராம உசுரு போவாது."

பழனியம்மாள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அங்காளம்மாள் சென்றாயனின் முதல் மனைவி. குழந்தை இல்லை என்று பெரியவர்களைக் கூட்டி, துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவைத் தீர்த்துவிட்டார்கள். கூட்டம் கூட்டியவள் இதே முத்தாயம்மாள்தான். அங்காளம்மாளின் பித்தளைக் குடத்தையும் சேலை மூட்டையையும் தெருவில் கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான் என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பழனியம்மாள் கேள்விப்பட்டிருக்கிறாள். அதற்கு அடுத்த தையில் பழனியம்மாளைக் கட்டிவைத்தார்கள். பிறந்த ஊருக்குப் போனாலும் அங்காளம்மாளை அண்ணிமார்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் போலிருந்தது. அவள் இதே ராசிபுரத்திலேயே, ஊரின் அந்தக் கோடியில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, சந்தைக்கு வருகிறவர்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றிப் பிழைத்தாள். சந்தை நாளில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பழனியம்மாள் தானியக் கடைகளைச் சுற்றிக்கொண்டு போவாள். தூரத்தில் கண்டுவிட்டால் இருவருமே வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்த மகன் செங்கோடன் இதைக் கேட்டுவிட்டான். அவனுக்கு மீசை அரும்பித் தடித்திருந்தது. வைகாசியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்தம்மா வீட்டு வாசலில் போய் நின்றால் ஊர் சிரிக்கும், அப்பனே ஒரு நாளும் அங்கே போனதில்லை என்றான். முத்தாயம்மாள் மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

பழனியம்மாளுக்கு வேறொன்று மனத்தில் ஓடியது. இத்தனை வருஷத்தில் அவள் போட்ட எதையும் சென்றாயன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. களியோ, சோறோ, கொள்ளுப் பருப்போ, குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுக் கை கழுவுவான். செங்கோடன் வயிற்றிலிருந்தபோது ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தாள். அதையும் தின்றுவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனான். அவள் அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். அந்த மௌனத்துக்குப் பின்னால் வேறொரு கையின் ருசி இருந்ததோ என்று இப்போது தோன்றியது. தெரிந்துகொண்டால் போதும் போலிருந்தது.

சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டாள்.

"நீ அப்பன் பக்கத்துல இரு. நானு போயிட்டு வாரேன்" என்றாள் மகனிடம்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குடிசை வாசலில் அங்காளம்மாள் கூழ்ப் பானையைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். யாரென்று தெரிந்தபிறகும் கை தேய்ப்பதை விடவில்லை. இவ்வளவு பக்கத்தில் பழனியம்மாள் அவளைப் பார்த்ததில்லை. நெற்றியோரம் நரைத்திருந்தது. முழங்கை வரைக்கும் பழைய தீக்காயத் தழும்புகள்.

"உள்ள வா, அம்மிணி. வெயில்ல நிக்காத" என்றாள் அங்காளம்மாள்.

பழனியம்மாள் உள்ளே போகாமல் வாசற்படியோரம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். வண்டி சாய்ந்தது அங்காளம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கூழ் குடிக்க வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பதும் தெரிந்திருந்தது. கீரை கேட்டது மட்டும்தான் புதிது.

"அவுரா என் பேரச் சொன்னாரு?"

பழனியம்மாள் ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"இல்லீங்க. கீரைன்னுதான் சொன்னாரு. நங்கைதான் உங்க கையா இருக்கும்னாங்க."

"உங்க நங்கையா?"

அங்காளம்மாள் பானையை நிமிர்த்தி வைத்தாள். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தைத் தெரிந்துகொண்டு கீழே வைப்பவள்போல இருந்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு குடிசைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது மடி நிறையக் கீரை இருந்தது.

அவள் அடுப்பு மூட்டிக் கீரையை ஆய்ந்தபோது பழனியம்மாள் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் கண் எடுக்காமல் பார்த்தாள். தண்டு கிள்ளுவது, இலையை அலசுவது, எத்தனை மிளகாய், எவ்வளவு தண்ணீர். அங்காளம்மாள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இருக்கவுமில்லை. பழனியம்மாள் செய்கிற மாதிரியேதான் அவளும் செய்தாள். வெங்காயத்தை முழுசாகப் போட்டாள், அவ்வளவுதான். தண்ணீரை இறுத்துவிட்டுக் கடைந்தாள். கடையும்போது மூச்சு வாங்கியது; ஒரு காலை நீட்டி, சட்டியைப் பாதத்தால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

உப்புக் கல்லைக் கையில் எடுத்தவள் போடாமல் நிறுத்தினாள்.

"அவுருக்கு எத்தன உப்புன்னு எனக்கு மறந்துபோச்சு, அம்மிணி. நீதான இத்தன காலமா போடுற. நீ சொல்லு."

 அங்காளம்மாள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். பழனியம்மாள் அந்தக் கையிலிருந்து உப்பை வாங்கித் தானே சட்டியில் போட்டாள். குறைவாகத்தான் போட்டாள். அங்காளம்மாள் ஒரு சுற்றுக் கடைந்து, மத்தில் ஒட்டியதை வழித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பழனியம்மாள் நக்கிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றாள்.

புறப்படும்போது நீங்களும் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டாள். வாய்வார்த்தைக்குக் கூப்பிடவில்லை. அங்காளம்மாள் சட்டியின் வாயில் பூவரச இலையை வைத்து மூடிக் கொடுத்தாள்.

"துரும்பு கிள்ளிப் போட்டவ நானு. எந்த மொறையில அந்த ஊட்டுக்குள்ள வாரது?"

வீட்டில் சென்றாயன் விழித்துத்தான் இருந்தான். செங்கோடன் சட்டியைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். முத்தாயம்மாள் தம்பியின் தலையை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பழனியம்மாள் கீரையை எடுத்து உதட்டில் வைத்தாள். நாக்கு வந்தது. தொட்டது. இந்தத் தடவை நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்தான். முத்தாயம்மாள் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள். அதற்குள் கீரை கடைவாய் வழியாக வழிந்தது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தான்.

பழனியம்மாள் குனிந்து காதருகில் சொன்னாள். "அங்காளம்மா செஞ்சதுங்க. உங்களுக்குன்னு செஞ்சு குடுத்தாங்க."

சென்றாயன் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தையே பார்த்தான்.

"ஆரு?" என்றான்.

அவள் மறுபடியும் பெயரைச் சொன்னாள். அவன் புருவம் கொஞ்சம் சுருங்கியது. தெரியாத ஊருக்கு வழி கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

முத்தாயம்மாள் அவன் வாயோரத்தைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பழனியம்மாள் சட்டியோடு அடுப்படிக்குப் போனாள். காய்ச்சலோ, மறதியோ, அவன் கேட்டது இந்த இருவர் கையையுமே இல்லையோ, அவன் ஆத்தாள் கையையோ, இல்லை எந்தக் கையையுமே இல்லையோ, யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் போலவும் இருந்தது. அந்தச் சந்தோஷம் வரவில்லை. நரைத்த நெற்றியும் நீட்டிய காலும்தான் கண்ணில் நின்றன. அவன் நினைவில் தனக்கும் இதே கதிதானோ என்று எண்ணம் ஓடியது.

முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் எதுவும் தின்றிருக்கவில்லை. பானையில் காலையில் கிண்டிய களி ஒரு உருண்டை மிச்சமிருந்தது. அதைத் தட்டில் போட்டு, கீரையை ஊற்றிக்கொண்டாள். முதல் வாயிலேயே பசி தெரிந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. புளிப்பு தாடையில் சுரீரென்று ஏறியது. அள்ளி அள்ளித் தின்றாள். சட்டியைச் சாய்த்து விரலால் வழித்தாள்.

"பழனி" என்று முத்தாயம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. அந்தக் குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டுதான் போனாள்.

சேலத்திலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வர வேண்டியிருந்ததால் மறுநாள் காலையில் எடுப்பது என்று முடிவாயிற்று. விடிந்ததும் தெரு நிறைந்துவிட்டது. வருகிற பெண்கள் வாசலிலேயே கூந்தலை அவிழ்த்துக்கொண்டு வந்து, பழனியம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து கூடையில் சோறும் பருப்பும் வந்தன. ஆண்கள் கொல்லைப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள்.

எதிரே புளியமரத்தடியில் அங்காளம்மாள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. மரத்தைத் தொட்டுக்கொண்டு, வேறு யாருக்காகவோ காத்திருப்பவள்போல நின்றாள்.

பழனியம்மாள் எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் வழி விட்டார்கள். அவள் தெருவைத் தாண்டி மரத்தடிக்குப் போனாள். பின்னால் அழுகைச் சத்தம் கொஞ்சம் தணிந்தது.

அங்காளம்மாள் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"தின்னாரா?"

"தின்னாருங்க" என்றாள் பழனியம்மாள். "சட்டியில மிச்சமே இல்லீங்க."

அங்காளம்மாளின் வாய் கோணியது. தலைப்பை எடுத்து அதை மூடிக்கொண்டாள். ஆரு செஞ்சதுன்னு சொன்னியா என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பழனியம்மாள் பயந்தாள். அவள் கேட்கவில்லை.

பழனியம்மாள் வாங்க என்று சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கழித்து, பக்கத்தில் இருந்த முத்தாயம்மாள், தலையை நிமிர்த்தாமலே, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். இருவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டாயிற்று.

அங்காளம்மாள் வந்து அங்கே உட்கார்ந்தாள். அவள் கூந்தல் அவிழ்ந்திருந்தது. அழவில்லை. பாடையின் மூங்கிலைப் பிளக்கும் சத்தம் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தது. போர்த்தியிருந்த வேட்டி நுனி காற்றில் விலகி, சென்றாயனின் வலது பாதம் வெளியே தெரிந்தது. அங்காளம்மாள் கையை நீட்டினாள். பாதிவரை போன கையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பழனியம்மாள் எட்டி, வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடினாள்.