தோட்டத்துக்கு மேலே ஒரு டிரோன்

நைனார்பாளையத்துக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்த வீட்டில் நிர்மலா தனியாக இருந்தாள். கணவன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் தோட்டத்தில் துணி உலர்த்தும்போது ஒரு டிரோன் வந்து தலைக்கு மேலே நின்றது. கையை ஆட்டி விரட்டியும் போகவில்லை. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள்.

டிரோன் விட்ட இளமாறனை வரவழைத்தார்கள்.

“பக்கத்துல மனை போடறாங்க சார். விளம்பரத்துக்கு எடுத்தேன். வானம் எல்லாருக்கும் பொதுதானே?”

“வானம் இருக்கட்டும். இந்தம்மா வூட்டுத் தோட்டத்த எடுக்க யாரக் கேட்ட?” என்றார் இன்ஸ்பெக்டர். “இன்னா எடுத்தன்னு காட்டு.”

நிர்மலா டிரோனைக் கவனிப்பதற்கு முன்பே வீடியோ ஆரம்பித்திருந்தது. கையில் ஈரப் புடவையோடு அவள் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் தலையைத் திருப்பிச் சிரித்தாள்.

“யாரோட பேசிக்கினு இருந்தீங்கம்மா?”

“யாரும் இல்லீங்க” என்றாள். தனக்கு அப்படி ஒரு பழக்கம் வந்திருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இளமாறன் தலைகுனிந்தபடி வீடியோவை அழித்தான். இனிமேல் கேட்காமல் எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண், “எங்க எறங்கணும்?” என்று கேட்டாள். நிர்மலா ஊர்ப்பெயரைச் சொன்னாள். பிறகு, டிரோன் வந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெண் தூங்கிப்போன பிறகும் அவள் நிறுத்தவில்லை.