பூஜ்யத்தில் உட்கார்ந்தவள்

1

இது கதையாகப் பிறந்ததில்லை. புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு, அணியை வைத்து வரிசை கட்டுவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். [அணி என்றால் எண் போட்ட பன்னிரண்டு இடம் உள்ள ஒரு பெஞ்சு. இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.] எழுத உட்கார்ந்தால், சோம்பா மலையடிவாரத்து சுகாதார நிலையத்துப் பெஞ்சுதான் கண்முன் வந்து நின்றது.

முதல் தொடக்கம்: "ஆலினாஃபே கணினியில் கெட்டிக்காரி. அவள் ஒருநாள் காலை

வேண்டாம். ஆலினாஃபே என்று யாருமில்லை. அங்கே பதிவேடு எழுதுகிற வேலையில் இருந்தவள் நான். அந்த நிரலை எழுதியதும் நான்தான். மறைப்பானேன், பெருமையாகத்தான் இருக்கிறது.

2

தடுப்பூசி மாதத்துக்கு ஒரு நாள். மத்தியானம் ஊசிப் பெட்டி கிளம்பிவிடும். விட்டால் அடுத்த மாதம்தான். முதல் ஆள் உள்ளே போனதும் பெஞ்சில் மற்ற எல்லாரும் ஓர் இடம் நகர்ந்து உட்காருவார்கள். குழந்தை, பை, குடை எல்லாம் கூடவே நகரும். எங்கள் ஊரில் வரிசை என்றால் அதுதான். நானும் அப்படியே எழுதினேன்: ஒருவர் போனால் மீதிப் பதினொரு பெயரையும் ஒவ்வோர் இடம் தள்ளு. (கணினிக்குப் பிட்டம் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. அது எதற்கு நகர வேண்டும்?)

அடுத்த மாதம் மாற்றினேன். யாரும் நகர வேண்டாம். இரண்டே எண்கள் போதும். 'முன்' என்பது அடுத்து யாரைக் கூப்பிடுவது. 'பின்' என்பது அடுத்து வருபவர் எங்கே உட்காருவது. ஆள் போனால் முன்னதில் ஒன்று கூட்டு, ஆள் வந்தால் பின்னதில் ஒன்று கூட்டு. பெஞ்சிலும் சாக்பீஸால் 0 முதல் 11 வரை எழுதினேன்.

"பூஜ்யத்துல யாருடி உக்காருவா? நான் என்ன ஒண்ணுமில்லாதவளா?" என்றாள் முதலில் வந்தவள். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். முதலில் உள்ளே போனதும் அவள்தான்.

3

நால்வர் ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பன்னிரண்டாவதாக வந்த ஃபலேசி பதினோராம் எண்ணில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே சிசோமோவின் அம்மா, முதுகில் துணியால் கட்டிய குழந்தையோடு, இரண்டு மணி நேரம் நடந்து வந்து நின்றாள். பெயரைத் தட்டினேன். 'இடமில்லை' என்றது திரை.

"இடமில்லையாம்க்கா. அடுத்த மாசம் வாங்க."

[இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.]

அவள் பெஞ்சைப் பார்த்தாள். "உன் மிஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நாலு இடம் காத்தாடுது." நேரே போய்ப் பூஜ்யத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வந்ததும் வராததுமா முன்னாடி போய்க் குந்துற? நாங்கல்லாம் விடியக்காலைலேந்து தவம் கிடக்கோம்," என்றாள் ஃபலேசி.

"முன்னாடி குந்தினா முன்னாடி போவேன்னு யாரு சொன்னது? உனக்கு அப்புறம்தான் நான். இடம் எங்க இருந்தா என்ன?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. பதினொன்றுக்கு அப்புறம் பூஜ்யம். 'பின்' பன்னிரண்டைத் தொட்டால் பூஜ்யத்துக்குத் திருப்பு. 'முன்'னுக்கும் அதே கதி. நிரம்பியதா என்பதைக் கடைசி எண்ணைப் பார்த்துச் சொல்லாதே, தலையை எண்ணிச் சொல். மூன்றே வரி. "இன்னும் எவ்வளவு நேரம்டி?" என்று ஊசி போடுகிற சிஸ்டர் கச்சாலே உள்ளேயிருந்து கேட்பதற்குள் எழுதி முடித்தேன்.

அந்த மூன்று வரிக்காக இன்றும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன். பாதிப் பெருமை அவளுக்கு. சரி, முக்கால்.

4

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஊசிப் பெட்டி கிளம்பிவிடுகிறது: கிழித்துப் போட்டேன். சிஸ்டர் எனக்கு மண்டாசி என்கிற இனிப்பு மாவுருண்டை பொரித்துக் கொண்டுவந்து தருகிறார்: நடந்ததுதான், ஆனால் தின்றதெல்லாம் முடிவாகிவிடாது.

ஆகவே நீங்களே முடியுங்கள். பாடம் உங்களுக்குத்தானே.

மணி பதினொன்றே முக்கால். பெட்டியில் மருந்து இருக்கிறது. பதினோராம் எண்ணிலிருந்து ஃபலேசி உள்ளே போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். பன்னிரண்டு என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அப்படி ஓர் இடம் பெஞ்சில் இல்லை. சிசோமோவின் அம்மா குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எண்ணைச் சொல்லுங்கள்.