தேர்ச்சி பெற்ற காது

என் இடது காதுக்குள் இரண்டு வருடமாக ஒரு குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. இறக்கி வைக்கத்தான் ஆள் இல்லை. பல் தேய்க்கும்போது கேட்கும், கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது கேட்கும், பெண்டாட்டி சண்டை போட்டு ஓய்ந்த பிறகும் கேட்கும். யாரிடமாவது சொன்னால் முதல் வேலையாகத் தங்கள் காதை என் காதோடு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். "ஒண்ணும் கேக்கலையே" என்பார்கள். உங்களுக்குக் கேட்டால் நான் ஏனய்யா புலம்பப்போகிறேன் என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

என் பெயர் கனகராஜ். தி. நகர் ரங்கநாதன் தெருவில் வைரவன் அண்ணாச்சியின் பாத்திரக்கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பாத்திரங்களில் பேர் வெட்டி வந்தவன். கல்யாணச் சீர், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று எதற்குப் பாத்திரம் கொடுத்தாலும் நம் ஜனங்கள் பேர் போடாமல் கொடுக்க மாட்டார்கள். ஒரு டம்ளர்தான் என்றாலும் கொடுத்தவர் பேரும் தேதியும் அதில் இருந்தாக வேண்டும். அதற்கென்று பேனா மாதிரி ஒரு மெஷின், கரண்டில் ஓடுவது. ஊசிமுனை எவர்சில்வரில் பட்டதும் கிர்ரென்று கத்தும். குடத்தையும் அண்டாவையும் மடியில் சாய்த்து அணைத்துக்கொண்டுதான் வெட்ட முடியும். அதன் வாய் நேராக என் இடது காதைப் பார்த்தபடி இருக்கும்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த மெஷின் ஓடும்போது மட்டும்தான் எனக்கு விசில் கேட்காது. அதனால் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன். கடைக்கு லீவு என்றால் எனக்கு அது தண்டனை. எந்த மெஷின் காதைக் கெடுத்ததோ அதனிடமே போய் ஒண்டிக்கொள்கிற பிழைப்பு.

இந்தத் தொண்ணூற்றேழாம் வருடம் ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அந்த விபத்து நடந்தது. தலையில் அண்டா அடுக்கோடு எனக்கு இடது பக்கம் வந்த லோடுமேன் "ஓரம், ஓரம்" என்று கத்தியிருக்கிறார். நான் நகரவில்லை. என் முதுகில் இடித்துத் தடுமாறி அடுக்கை நழுவவிட்டார். அண்டா ஒன்று உருண்டு வந்து, பாத்திரம் வாங்க வந்த ஓர் அம்மாவின் கால்விரலை நசுக்கிவிட்டது. அன்று சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"ஏ கனகு, ஒனக்குக் காது கேக்கா, கேக்கலையா?"

"நல்லாக் கேக்கு அண்ணாச்சி."

"வாய்ப்பேச்சு வேண்டாம். காது டாக்டர்ட்டப் போயி எழுதி வாங்கிட்டு வா. நல்லாயிருக்குன்னு இருந்தா ஒன் எடம் ஒனக்கு. இல்லைன்னா கோட்டூர்புரம் குடோனைப் பாத்துக்க. சம்பளம் கொறையாது, பயப்படாத."

சம்பளத்துக்கா பயந்தேன்? அந்தக் குடோன் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு. ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருக்கும். செய்தித்தாளில் சுற்றிய பாத்திரங்களைத் தவிர உள்ளே எதுவும் கிடையாது. ஒரு ஈ பறந்தால் கேட்கும். அங்கே தினம் ஒன்பது மணி நேரம் நானும் என் விசிலும் மட்டும். அங்கே போனால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன்.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு காது கிளினிக். அங்கே பரிசோதனை செய்கிறவர் ஜஹனாரா மேடம். கல்லூரியிலிருந்து நேற்றுத்தான் வந்தவர் மாதிரி இருந்தாலும் பேச்சு கறாராக இருந்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த, பீரோ மாதிரியான ஒரு சின்ன அறைக்குள் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "சின்னச் சின்னதா பீப் சத்தம் வரும். லேசாக் கேட்டாலும் அழுத்துங்க." கனமான கதவைச் சாத்தினார்.

சாத்தியதுதான் தாமதம், விசில் அந்த அறை முழுக்க நிறைந்துவிட்டது. கத்திக்கொண்டு வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

முதலில் வலது காது. அதில் ஒரு குறையும் இல்லை, வந்த சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே இருந்த மேடத்தைப் பார்த்தேன். ரங்கநாதன் தெரு இரைச்சலில் வாடிக்கையாளர் சொல்வது யாருக்குக் கேட்கிறது? பெரிய குடமா சின்னதா, மேலே வெட்டவா கீழே வெட்டவா, எல்லாம் கைஜாடைதான். இருபத்திரண்டு வருடமாகக் கையைப் பார்த்தே வேலை செய்தவன் நான். மேடத்தின் கை எனக்குத் தெரியவில்லை, சத்தம் அனுப்புகிற பெட்டி மறைத்தது. முழங்கை தெரிந்தது. அது துளி அசையும், உடனே பீப் வரும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இடது காதுக்கு மாறியதும் நான் முழங்கையையே பார்த்தேன். அசைந்தால் அழுத்தினேன். நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே வேண்டுமென்றே சிலவற்றை விட்டேன். ஸ்கூலில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கு அன்று எங்கிருந்துதான் அவ்வளவு மூளை வந்ததோ.

"ரெண்டு காதும் கிட்டத்தட்ட நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் நெற்றியைச் சுருக்கினார். "இருபது வருஷம் மெஷின் பக்கத்துல இருந்தவருக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் விசிலைப் பற்றிக் கேட்டேன். அவர் மேஜையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். காதுக்குப் பின்னால் மாட்டுவது. மெல்லிய இரைச்சல் ஒன்று விடாமல் வந்துகொண்டிருக்குமாம். விசிலை எடுக்காதாம். அந்த இரைச்சலோடு சேர்ந்து விசிலும் மூளைக்குப் பழகிப்போகுமாம். ஒரு மாதம் போட்டுப் பாருங்கள் என்று, என் ரிப்போர்ட்டைப் பார்த்து அளவு வைத்து, இடது காதில் மாட்டினார்.

"கேக்குதா?"

ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் குட்டு உடைந்துவிடும்.

"ஜோராக் கேக்குது மேடம்" என்றேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்து அண்ணாச்சி தலையாட்டினார். மெஷின் எனக்கே கிடைத்தது. கருவியையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டேன், ஏதாவது அதிசயம் நடக்காதா என்று. பத்து நாளில் பொறுமை போய்விட்டது. மாம்பலத்தில் என் வீட்டுக் கூடத்தில் அதைக் கழற்றி எறிந்தேன்.

"செத்துப்போன சாமானை என் தலையில கட்டிட்டாங்க!"

என் மனைவி சீதா அதை எடுத்துத் துடைத்துத் தன் காதில் வைத்தாள். "ஏங்க, நல்லா ஸ்ஸ்ஸுன்னு வருதே. மழை பெய்யிற மாதிரி."

"உனக்கு எல்லாம் கேக்கும். போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் கருவியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்த நாளே லஸ்ஸுக்குப் போய் மேடத்திடம் சத்தம் போட்டேன். ஏமாற்று வேலை, பலனே இல்லை, சத்தமே வரவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மாட்டின அன்னைக்கு ஜோராக் கேக்குதுன்னீங்களே?" என்றார்.

அவர் கோபப்படவில்லை. அந்த அறைக்குள் போய் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்.

"இப்ப உக்காருங்க. இடது காது மட்டும் பாப்போம்."

எழுந்து போயிருக்கலாம். போய் என்ன செய்ய? விசிலும் கூடவேதான் வரும். உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினார். எதிரே வெறும் சுவர், பார்க்க எந்தக் கையும் இல்லை. தாழ்ந்த சத்தங்கள் சில வந்தன. அழுத்தினேன். நன்றாகத்தானே கேட்கிறது என்று தைரியம் வந்தது. இன்னும் ஏழெட்டு வந்தன, அவற்றுக்கும் அழுத்தினேன். அப்புறம் நின்றுவிட்டது. யாரோ கூப்பிட்டிருப்பார்கள், போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கையில் பட்டனோடு மரியாதையாகக் காத்திருந்தேன். விசில் மட்டும் ஓயவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஆளை உள்ளே அடைத்துவிட்டு இப்படியா மறந்து போவார்கள் என்று கோபம்கூட வந்தது.

கதவு திறந்தது.

"முடிஞ்சுதுங்க" என்றார்.

"நடுவுல எங்க போயிட்டீங்க மேடம்?"

"நான் எங்கயும் போகலை" என்றார் மெதுவாக. "விடாம சத்தம் குடுத்துக்கிட்டேதான் இருந்தேன்."

முழங்கை, பட்டன், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது. உயர்ந்த சத்தங்கள் இடது காதில் பெரும்பாலும் போய்விட்டன, போன இடத்தில்தான் விசில் குடியிருக்கிறது என்றார். மெஷினை விடாவிட்டால் மிச்சமும் போகும் என்றார்.

"இந்தக் கருவி?"

"எல்லாருக்கும் சரியாகும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு உதவுது, சிலருக்கு இல்லை. மாசக்கணக்காப் போட்டாத்தான் தெரியும். ஆனா நீங்க பொய் சொன்ன காதுக்கில்ல நான் அளவு வச்சேன்?" என்று சொல்லிவிட்டு, கருவியைத் திறந்து ஏதோ திருகி மறுபடி மாட்டினார்.

இந்தத் தடவை கேட்டது. தூரத்தில் குழாய் திறந்து விட்ட மாதிரி. விசில் போகவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் காதில் அது தனியாக இல்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே கை எடுத்துக் கும்பிட்டேன்.

புது ரிப்போர்ட்டை பஸ்ஸில் இரண்டு தடவை மடித்தேன், மூன்று தடவை பிரித்தேன். கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. பழைய ரிப்போர்ட் அண்ணாச்சி மேஜையில் பத்திரமாக இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. மிச்சக் காதையும் அதற்கே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றியது. கடை வாசலில் அந்தக் கிர்ர் கேட்டது. என் இடத்தில் வேறு யாரோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். நேரே அண்ணாச்சியிடம் போய்க் காகிதத்தை நீட்டினேன்.

அவர் படித்தார். "அப்ப மொதல்ல குடுத்தது?"

"பொய் அண்ணாச்சி."

காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். "நாளைக்குக் குடோனுக்குப் போயிரு" என்றார்.

மறுநாள் காலை கோட்டூர்புரத்தில் காவல்காரர் இனாயத் பாய் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளே இருட்டு, பழைய செய்தித்தாள் வாசனை. ஒரு பழைய நாற்காலி. உட்கார்ந்தேன். கருவி இரைந்தது, விசில் அடித்தது, இரண்டையும் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை.

"இன்னா அண்ணே, வேர்த்துக் கொட்டுது?" என்றார் பாய். "தூசி வரும், கதவச் சாத்திடவா?"

நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சாத்துங்க பாய்" என்றேன். "பூட்ட மட்டும் வேண்டாம்."