சராசரித் தொண்டை

"கஞ்சி இறங்குது, கறி மட்டும் எப்படிம்மா நிக்குது?"

நோன்பு திறந்த ஒரு மாலையில் மாமியார் ஃபகருன்னிசா வஜிஹாவிடம் இப்படிக் கேட்டார். அந்தக் கேள்வி வீட்டிலேயே தங்கிவிட்டது. சோற்றுக்கு நடுவே அவள் தண்ணீர்ச் சொம்பைத் தொட்டாலே, நாடகம் தொடங்கிவிட்டது என்று மாமியார் பெருமூச்சு விடுவார்.

பெங்களூரில் உணவுக்குழாய்க்குள் டியூப் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டிப் பார்த்த டாக்டர், அலர்ஜி அணுக்கள் கொஞ்சம்தான், லேசான புண் என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், வீட்டில் தட்டு நிறையக் கறிச்சோறு வந்தது. அது நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. எச்சில்கூட இறங்காமல் அவள் தொட்டியருகே குனிந்து கிடந்தாள்.

அதே கண்ணாடிகளை இன்னொரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, நோய் கடுமை என்றார். ஒரே சதைக்கு இரண்டு தீர்ப்பா என்று கணவன் அக்பர் பாஷா எரிந்து விழுந்தான். முன்னவர் எல்லா இடத்தையும் எண்ணிக் கூட்டி வகுத்துச் சராசரி போட்டுவிட்டார். இந்த நோய் திட்டுத் திட்டாக உட்காரும், அணுக்கள் மொய்த்திருக்கும் இடத்தைத்தான் எண்ண வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். மருந்து தொடங்க வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அக்பர் பாஷா சிப்காட்டில் போல்ட் சோதிக்கிறவன். பெட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி அளப்பான். சராசரி சரியாக வந்தால் பெட்டி முழுவதும் பாஸ். முதல் டாக்டர் சொன்னதுதான் அவனுக்கு நியாயமாகப் பட்டது.

வியாழன் காலை, வஜிஹா புறப்பட ஆயத்தமானாள்.

"மறுபடி எதுக்கு பெங்களூரு? சராசரியா பாத்தா உனக்கு நல்லாத்தானே இருக்குது" என்றான் சப்பாத்தியைப் பிய்த்தபடி.

"அடைக்கிற எடத்துல அடைக்குதுங்க. சராசரியாவா அடைக்குது?"

"பேச்சு மட்டும் எங்கயும் நிக்காம வருது பாரு" என்ற மாமியார், கறிக் கிண்ணத்தை அவள் முன்னால் தள்ளினார். "எங்க கண்ணு முன்னாடி ஒரு துண்டு தின்னு. நிக்குதா, இறங்குதான்னு இங்கயே பாத்துடலாம்."

அக்பர் பாஷா தடுக்கவில்லை. கம்பெனியில் பெட்டிக்கு முன்னால் நிற்கும் அதே முகத்தோடு காத்திருந்தான்.

வஜிஹா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து புர்காவைப் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டினாள். தனியாக எங்கே போகிறாய் என்று உள்ளேயிருந்து அவன் கேட்டான். மறுபடியும், குரலை உயர்த்திக் கேட்டான்.

அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.