கடைசி அத்தியாயத்தில் தொடங்கிய ஸ்வெட்டர்

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் அக்கா பின்னிய ஸ்வெட்டரை யார் போட்டாலும், அவள் பின்னும்போது படித்த நாவலின்படி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக நடந்துகொள்வார்கள். தெருவில் இது தக்காளி விலை போல எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. துப்பறியும் நாவல் ஸ்வெட்டரைப் போட்ட ரொட்டிக்கடைக்காரர், வெண்ணெய் திருடிய பூனையை ஒரே வாரத்தில் சாட்சிகளோடு பிடித்தார்.

அடுத்த வீட்டு பம்பு மெக்கானிக், தான் வளர்த்த பீன்ஸையும் முள்ளங்கியையும் அவள் சுற்றுச்சுவரில் வைத்துவிட்டு, அவள் கதவைத் திறப்பதற்குள் ஓடிவிடுவார். மூன்று வருடமாக இதே ஓட்டம். முப்பத்தெட்டு வயதில் இனியும் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. இருபத்துநான்கு அத்தியாயக் காதல் நாவலை மடியில் விரித்து, கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றைக் கீழ் விளிம்பிலிருந்து பின்னத் தொடங்கினாள். ஆனால் முடிவு நல்லபடியா என்று தெரியாமல் எந்த நாவலையும் அவள் ஆரம்பித்ததில்லை. பழக்கதோஷம், கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தாள். அதற்குள் விரல்கள் விளிம்புப் பட்டியை முடித்துவிட்டன.

பின்னி முடித்ததும், அவர் காய் வைக்கும் சுற்றுச்சுவரிலேயே அதை அவருக்காக வைத்தாள். ஸ்வெட்டர் போட்ட முதல் நாள் மெக்கானிக் நேரே அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா, இன்னும் காபி போடலையா? முப்பது வருஷமா இதே கதைதான்." அவள் பூரித்துப்போனாள். மறுநாள் முதல் அத்தியாயம், தெருவில் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார். பிறகு குடை கொடுத்தார், கடிதம் எழுதினார், பாத்தி கொத்தும்போது பாடினார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நூலகத்தில் வேலை செய்யும் தங்கைதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். "அக்கா, நாளைக்குப் பன்னிரண்டாம் அத்தியாயம். ஆள் ஊரைவிட்டுப் போயிடுவாரு. ஏழு வருஷம்! படிச்சுட்டுத்தானே பின்னினே?"

"படிக்கும்போது ஏழு வருஷம் ரெண்டு பக்கம்தான்டி இருந்துச்சு!"

காலையில் மெக்கானிக் பெட்டியோடு கிளம்பினார். "ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் போங்களேன்" என்றாள். "குளிருதுங்க" என்றார். மூன்று மாத உழைப்பாயிற்றே என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு கழுத்துப் பட்டியைச் சரிசெய்கிற சாக்கில் முடிச்சை அவிழ்த்து, நூல் முனையை அவருடைய பீன்ஸ் பந்தல் கம்பில் கட்டி, "போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் நடக்க நடக்க ஸ்வெட்டர் மேலிருந்து பிரிந்தது. ரொட்டிக்கடை அருகே கல்யாணம் போயிற்று, பள்ளிக்கூடத்தருகே அந்த ஏழு வருடமும் போயிற்று, பேருந்து நிறுத்தத்தில் இடுப்பைச் சுற்றி விளிம்புப் பட்டி மட்டும் மிஞ்சியது. பேருந்து வந்தது. "செடிக்குத் தண்ணி விடாம நான் எங்க கிளம்பினேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், அவள் அலமாரியின் இடது தட்டில் தன் சட்டைகளை அடுக்கினார். கல்யாணத்துக்காக அவரைப் பதிவு அலுவலகத்துக்கு இழுத்துப்போவதுதான் பெரும்பாடாக இருந்தது. "இத்தனை காலத்துக்கு அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று வழிநெடுக அலுத்துக்கொண்டார்.

பீன்ஸ் கொடி அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மூன்றே வாரத்தில் பேருந்து நிறுத்தம் வரை படர்ந்தது. காத்திருப்பவர்கள் பறித்துக்கொள்கிறார்கள், முற்றலை விதைக்கு விடச் சொல்லி ஓட்டுநர் சத்தம் போடுவார். வெயில் காலம் வந்ததும் மெக்கானிக் அந்தப் பட்டியையும் கழற்றிவிட்டார். சட்டைகள் இடது தட்டிலேயே இருந்தன. ஏன் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை.