குட்டி ரயிலுக்கு மறுபடியும் வரிசை

வேன் அக்கா ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி என்பது அவளுடைய வண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எவனாவது ஒருவனின் ஒற்றை ஷூ காணவில்லையென்றால் அது கிடைக்கிறவரை வண்டியை எடுக்க மாட்டாள். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து ஊரையே கூட்டினாலும், ஜன்னலில் தலையை நீட்டி, "ஷூ இல்லாம பிள்ளை நாள் பூரா நொண்டும். உங்க ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது, பொறுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சீட்டுக்கு அடியில் குனிந்துவிடுவாள்.

அவள் கணவர் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அந்த வருடம் நன்றாக விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்கு அழைத்துப் போவதாகக் கம்பெனி சொன்னது. கடலோரத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா, அதை ஒட்டியே தங்கும் விடுதி. செய்தி கேட்ட சொந்தக்காரர்கள் வாழ்த்தியதைவிட வருத்தப்பட்டதுதான் அதிகம். "சின்னக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரமா? அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார்கள்.

"நேத்து ஊட்டின சோறும்தான் அதுக்கு ஞாபகம் இல்லை. அதுக்காக இன்னிக்கு ஊட்டாம விட்டேனா?" என்று கேட்டாள் வேன் அக்கா.

சொந்தக்காரர்கள் வெளியில் சொல்லாத இன்னொரு காரணமும் இருந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரும் முதலில் அவள் காதில் விழவில்லை. அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்து, அதோடு தலையின் தோலுக்கு அடியில் ஒரு காந்தத்தையும் பதித்திருந்தார்கள். வெளியே, கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு பழுப்பு வட்டம் அந்தக் காந்தத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டியிருந்தால் பட்டாணிக்கு உலகம் கேட்கும். எடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். வீட்டில் அதைப் பொட்டு என்பார்கள். பொட்டு வைத்துக்கொண்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்க்கக் கற்றிருந்தாள். 'ப்பா', 'த்தா' என்று இரண்டொரு சொல் வந்திருந்தது.

கூட வந்தது நாத்தனார். கணவரின் தங்கை, கால் சென்டரில் வேலை, ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. "அண்ணி, நீங்க பிள்ளையைப் பாருங்க, பேச்சையும் போட்டோவையும் நான் பாத்துக்கறேன்" என்று பொறுப்பெடுத்துக்கொண்டவள், காலையிலிருந்து பட்டாணி கொட்டாவி விட்டதைக்கூட விடாமல் எடுத்திருந்தாள்.

பட்டாணிக்குப் பூங்காவில் எதுவும் பிடிக்கவில்லை. ராட்டினக் குதிரையைப் பார்த்து அழுதாள். கோமாளி கை கொடுக்க வந்தபோது அப்பாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கடைசியில் பிடித்துப்போனது குட்டி ரயில் மட்டும்தான். ஒரு பொம்மை மலையைச் சுற்றி, குகைக்குள் நுழைந்து, குளத்தைத் தாண்டித் திரும்பி வருகிற சின்ன ரயில். ஏறி இறங்கியதும் மூன்று பெரியவர்களுக்கும் நிம்மதி. நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தலையைக் கோதிவிடலாம் என்று வேன் அக்கா குழந்தையின் முயல்காது மாட்டிய தலைப்பட்டையைக் கழற்றினாள்.

பொட்டு இல்லை.

மறுபக்கம் பார்த்தாள். சட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். தலைப்பட்டையை உதறினாள். பட்டாணி கவலையே இல்லாமல் தன் கால்விரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"கிளிப் போட்டுத்தானே விட்டேன்?" என்றாள் வேன் அக்கா. பொட்டு விழுந்தாலும் தொலையாமலிருக்க, அதை ஒரு நூலால் முடியோடு பிணைக்கும் கிளிப் உண்டு.

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. "முயல்காது சரியா உக்காரலை அண்ணி... போட்டோவுக்காக ஒரு நிமிஷம் கழட்டினேன். திரும்ப மாட்டணும்னு... மறந்தே போயிட்டேன்." அழத் தொடங்கினாள்.

பெயிண்ட் கடைக்காரர் தங்கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். வேன் அக்கா அவரைக் கையமர்த்தினாள். அவளுக்கும் கோபம்தான். ஆனாலும் சொன்னாள்: "கோவத்தை ஊருக்குப் போய்ப் பட்டுக்கறேன். இப்போ அதுக்கு நேரமில்லை. அழுகையை நிறுத்திட்டு போனை எடு. போட்டோ எல்லாத்தையும் வரிசையா காட்டு."

அத்தனை படம் எடுத்தது வீண்போகவில்லை. கோமாளியோடு எடுத்ததில் பொட்டு இருந்தது. ரயில் வரிசையில் நுழையும்போது எடுத்ததிலும், முயல்காதுக்குப் பின்னால், பழுப்பு வட்டம் தெரிந்தது. ரயிலைவிட்டு இறங்கிச் சிரித்த படத்தில் இல்லை.

"அப்போ ரயில்லதான் விழுந்திருக்கு" என்றார் கணவர்.

"இல்லன்னா வரிசையில."

"வரிசையில என் தோள்லதானே இருந்தா? தரையைப் பார்த்துக்கிட்டே வரேன், நீ ரயிலைப் பாரு."

ரயிலடியில் கோடு போட்ட தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெண்மணி நின்றிருந்தாள். நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆங்கிலத்தில் விளக்கினாள். விசில்காரிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வேன் அக்கா குறுக்கே வந்தாள். பேச்சில்லாமல் பேசுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு வருடமாக மகளோடு அப்படித்தான் குடும்பம் நடத்தியிருந்தாள். குழந்தையின் தலையில் விரலை வட்டமாக வைத்தாள். காதைத் தொட்டு, கண்களை அகல விரித்து மகிழ்ச்சி காட்டினாள். வட்டத்தை எடுத்து எறிவதுபோல் செய்து, காதைப் பொத்தி, வெறுங்கையை விரித்தாள்.

விசில்காரிக்கு உடனே புரிந்துவிட்டது. குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டினாள். ரயில் ஓடும் நேரத்தில் தண்டவாளத்தில் யாரும் இறங்கக்கூடாது. பூங்கா மூடியபிறகு தேடிப் பார்த்து விடுதிக்கு அனுப்புவார்களாம்.

"மூடின பிறகு தண்ணி பீய்ச்சிக் கழுவுவாங்களாம் அண்ணி" என்று மெதுவாகச் சொன்னாள் நாத்தனார். "நாமளோ விடியறதுக்குள்ள கிளம்பணும்."

கணவர் வந்து சேர்ந்தார். தரையில் எதுவும் இல்லை. "சொல்லி வெச்சாச்சு. வேற என்னம்மா பண்ண முடியும்? ரூமுக்குப் போய் ஆக வேண்டியதைப் பார்ப்போம்."

அந்த நேரத்தில் பட்டாணி அம்மாவின் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். பொட்டு வருவதற்கு முன்னால் அப்படித்தான் செய்வாள். அம்மா பேசும்போது தொண்டையில் எழும் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் விட்டுப்போய் மாதங்கள் ஆகியிருந்தன.

வேன் அக்கா கொஞ்சநேரம் அந்தச் சின்னக் கையை அப்படியே வைத்திருக்க விட்டாள். பிறகு கேட்டாள்: "தண்டவாளத்துலதானே இறங்கக்கூடாது? ரயில்ல ஏறலாம் இல்ல?"

"ஏறலாம்..."

"அப்போ ஏறுவோம். ஒவ்வொரு பெட்டியா உக்காந்து பார்ப்போம். எல்லாப் பெட்டியும் முடியறவரைக்கும்."

"அவ்வளவு பெரிய வரிசைம்மா!"

"நிப்போம்."

நின்றார்கள். விசில்காரி ஒரு உதவி செய்தாள்: எந்தப் பெட்டி வேண்டுமோ அதில் ஏறிக்கொள்ள விட்டாள். கணவர் ஒன்றில், நாத்தனார் ஒன்றில், மகளோடு வேன் அக்கா ஒன்றில். பொட்டு காந்தம், இரும்பைக் கண்டால் விடாது. வீட்டில் பிரிட்ஜ் கதவிலும் வேன் கம்பியிலும் எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறது. அதனால் வேன் அக்கா சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, இரும்புச் சட்டம் முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே போனாள். யாரோ ஒட்டிய பழைய சூயிங்கம் அகப்பட்டது. ஒரு குழந்தையின் சாக்ஸ் அகப்பட்டது. பொட்டு இல்லை. பட்டாணிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா சீட்டுக்கு அடியில் ஒளிந்து விளையாடுகிறாள் என்றே நினைத்துவிட்டாள்.

இறங்கினார்கள். மறுபடியும் வரிசை. மறுபடியும் வேறு பெட்டிகள். பெயிண்ட் கடைக்காரரின் வெள்ளைச் சட்டையில் கரி அப்பியது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டு அம்மாவின் காலடியில் அவர் குனிந்து கைவிட, அந்த அம்மா காலைத் தூக்கிக்கொண்டு கத்திவிட்டாள். மன்னிப்புக் கேட்டே அவருக்கு அந்தச் சுற்று முடிந்தது.

"நம்ம கடைக்கு வர்றவங்க யாராவது பாத்திருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும்" என்றார்.

"ரயில்தானே ஏறியிருக்கு. அடுத்த பெட்டியைப் பாருங்க" என்றாள் வேன் அக்கா.

நாத்தனாருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அண்ணி, எல்லாப் பெட்டியும் முடியப்போகுது. அதுலயும் இல்லன்னா?"

"இல்லன்னா அப்போ யோசிக்கலாம். இப்பவே எதுக்கு?"

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். வெயில் இறங்கிவிட்டது. வரிசையைப் பிரிக்க இடுப்புயரத்தில் ஒரு கம்பியும் முழங்கால் உயரத்தில் இன்னொரு கம்பியுமாக, வளைத்து வளைத்துப் பழுப்பு வண்ணம் அடித்த தடுப்புகள். வேன் அக்கா அதில் சாய்ந்து நின்றாள். தூக்கித் தூக்கி அப்பாவின் தோள் வலித்தது; பையிலிருந்து தண்ணீர் எடுக்கக் குழந்தையைக் கீழே விட்டார்.

பட்டாணி அந்த நொடிக்காகவே காத்திருந்தவள்போலக் குனிந்தாள். கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து பக்கத்து வரிசைக்குப் போனாள். திரும்பினாள். மறுபடியும் நுழைந்து இந்தப் பக்கம் வந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் தலை கம்பியின் அடிப்பாகத்தை உரசிக்கொண்டு போயிற்று.

வேன் அக்கா கணவரைப் பார்த்தாள். "முதல் தடவையும் தண்ணி குடிச்சீங்களா?"

"ஆமா, குடிச்சேன். ஏன்..." என்றவர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தார். "ஒரு நிமிஷம் கீழ விட்டேன். ஒரே நிமிஷம்தான்."

"எந்த இடத்துல?"

"அந்த வளைவுகிட்ட."

வளைவுக்குள் ஆட்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். வேன் அக்கா யோசிக்கவே இல்லை. முழங்காலிட்டு, அத்தனை பேர் கால்களுக்கு நடுவே, மகள் போன மாதிரியே தவழ்ந்து போனாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் அவள் கையை மிதித்தேவிட்டார். மேலே நீண்ட விசில் சத்தம் கேட்டது: விசில்காரி சங்கிலியை இழுத்துப் பூட்டி, யாரும் நகரக்கூடாது என்று வரிசையையே நிறுத்திவிட்டிருந்தாள். வேன் அக்கா தரையில் மல்லாந்து படுத்தாள். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். மழமழவென்றிருந்த வண்ணத்தில் ஓரிடத்தில் விரல் தட்டியது.

பழுப்புக் கம்பியில் பழுப்பு வட்டம். கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நேரம் தரையைப் பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போயிருக்கிறார்கள்.

"கிடைச்சுடுச்சு!" என்று படுத்தபடியே கத்தினாள். என்ன கிடைத்தது என்று தெரியாமலேயே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். எழுந்து நின்றாள். நாத்தனார் ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு, இந்த முறை தாராளமாகவே அழுதாள். வேன் அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "சரி, சரி. உன் போட்டோ இல்லன்னா எங்க தேடறதுன்னே தெரிஞ்சிருக்காது. கிளிப்பைக் கொடு."

பொட்டைத் துடைத்து, மகளின் தலையில் வைத்தாள். அது தன்னிடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பட்டாணியின் கண்கள் விரிந்தன.

அதே நேரத்தில் மாலை ஊர்வலம் அந்த வழியாக வந்து சேர்ந்தது. முரசு, ஊதுகுழல், ஒலிபெருக்கி என்று காது கிழியும் ஆரவாரம். பட்டாணி முகத்தைச் சுளித்தாள். தலைக்குக் கையைக் கொண்டுபோய்ப் பொட்டைப் பிடுங்கினாள். கிளிப்பின் நூலில் தொங்கிய அதை அம்மாவின் பக்கம் நீட்டி, "வேணா" என்றாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடிப்பாவி! இதுக்காடி நாங்க இந்தப் பாடு பட்டோம்?" என்றாள் அத்தைக்காரி.

"பேசிட்டாடி!" என்றார் பெயிண்ட் கடைக்காரர். "வேணாங்கறா! யாரு சொல்லிக் கொடுத்தது?"

"வேற யாரு? நாள் பூரா அவகிட்ட நான் சொல்றது அது ஒண்ணுதானே" என்றாள் வேன் அக்கா. சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொட்டைக் கிளிப்போடு கழற்றித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

முரசுகள் தூரம் போனதும் பட்டாணி அம்மாவின் பையைத் தட்டினாள். பிறகு தன் தலையைத் தட்டிக் காட்டினாள். வேன் அக்கா பொட்டை வைத்து, கிளிப்பை மாட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

வரிசை கரைந்துவிட்டிருந்தது. விசில்காரி அவர்களைப் பார்த்துக் கையசைத்து, நின்றிருந்த ரயிலைக் காட்டினாள். அன்றைக்குக் கடைசி வண்டி அதுதான். கணவர் விடுதி இருக்கும் திசையை ஏக்கத்தோடு பார்த்தார். பட்டாணி அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

இந்த முறை நால்வரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தார்கள். ரயில் ஊதியது, பட்டாணி துள்ளினாள். வேன் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தனை முறை சுற்றி வந்தும் சீட்டின் அடியைத் தவிர அவள் எதையும் பார்த்திருக்கவில்லை. மலையின்மேல் பொம்மை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. குகையின் கூரையில் நட்சத்திரங்கள் மினுங்கின. குளத்தில் ஒரு நீர்யானை வாயைத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சியது.

"ஏங்க, இங்க நீர்யானை எல்லாம் இருக்கு, சொல்லவே இல்லையே" என்றாள்.

பெயிண்ட் கடைக்காரர் தங்கையின் தோளில் சாய்ந்து, கரிச்சட்டையோடு, வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தார்.