இரட்டைச் சிறுத்தை

அந்தச் சிறுத்தையைப் பார்க்கப் பார்க்கக் கேசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை டீ-ஷர்ட்டின் நெஞ்சில் ஒரு சிறுத்தை பாய வேண்டும். பாய்ந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் பின்னாலேயே இன்னொரு சிறுத்தை, சாயம் போன நிழலாக, முன்னதின் வாலைக் கவ்வப் போவதுபோல் துரத்திக்கொண்டு வந்தது. திருப்பதியில் பெண்கள் கபடி அணி நடத்தும் பத்மினி மேடம் கேட்டது ஒரே ஒரு சிறுத்தைதான்.

சித்தூரில் சர்ச் தெரு முனையில் கேசியா பிரிண்டிங் கடை திறந்து வந்த முதல் பெரிய ஆர்டர் இது. இன்று சாயங்காலத்துக்குள் நல்ல சாம்பிள் ஒன்று மேடம் கைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், இவள் கடையை இழுத்து மூடிவிட்டுத் திங்கட்கிழமை ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் சேரவேண்டியதுதான். வேலையும் ஹாஸ்டலும் தயாராகக் காத்திருந்தன. அந்த ஹாஸ்டலை நினைத்தாலே அவளுக்குப் பயம். அவளுக்கு வேண்டியது இந்தக் கடை.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. காகிதத்தில் அச்சான படத்தை ஷர்ட்டின்மேல் கவிழ்த்து மெஷின் மூடியை இறக்கி அழுத்தினால், மை சூட்டில் ஆவியாகித் துணிக்குள் இறங்கும். மூடியைத் தூக்கிய பிறகும் அந்த ஆவி சட்டென்று அடங்காது. அந்த நேரத்தில் காகிதம் ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு, பக்கத்தில் நிழல் விழுந்துவிடும். தொழிலில் அதற்கு கோஸ்ட், அதாவது பேய் என்று பெயர். முதல் ஷர்ட்டிலேயே அது வந்தபோது, மெஷின் விற்ற திருப்பதி வெங்கட்டுக்கு போன் போட்டு, "அண்ணா, கோஸ்ட் வர்து. இன்னா பண்ணாலும் கோஸ்ட் வர்து," என்று கடை அதிரக் கத்தினாள்.

அது அவள் அப்பா நேசகுமார் காதில் விழுந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்கு ஒத்தாசையாக, மெஷின் மூடியை இறக்குவதும் தூக்குவதும் அவர் பொறுப்பு. இங்கிலீஷ் ஆராதனைகளில் பரிசுத்த ஆவியை ஹோலி கோஸ்ட் என்று கேட்டு வளர்ந்த மனிதருக்கு, ஹோலி இல்லாத கோஸ்ட் எந்த ரகம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேசியா எங்கே கவனித்தாள், அவளுக்குச் சிறுத்தையோடு மல்லுக்கட்டவே பொழுது போதவில்லை.

வெங்கட் சொன்னதையெல்லாம் செய்தாள். காகிதத்தின் ஓரங்களைச் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டினாள். ஷர்ட்டை முதலில் சும்மா ஒருமுறை அழுத்தி ஈரம் போக்கினாள். மேலே பட்டர் பேப்பர் போட்டாள். "நைனா, மூடிய வெடுக்குனு தூக்காத, பேப்பரும் கூடவே எழும்பிடும். மெதுவா தூக்கு," என்றாள். பாவம், அவரும் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல்தான் தூக்கினார். அப்படியும் நாளுக்கு நாள் நிழல் கொழுத்துக்கொண்டே போனது.

மதியம் மறுபடி வெங்கட்டுக்கு போன் போட்டாள்.

"மூடி தூக்கறப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருப்ப?" என்று கேட்டார் அவர்.

"அந்தாண்ட திரும்பி அடுத்த பேப்பர வெட்டிக்கினு இருப்பேன்ணா."

"இந்தத் தபா திரும்பாத. நின்னு பாரு. பேப்பர் எங்கியோ நகர்து மா."

கேசியா கத்தரிக்கோலை வைத்துவிட்டு நின்று பார்த்தாள். மெஷின் கீச்சிட்டது. நேசகுமார் தடித்த கையுறையோடு மூடியை மெதுவாகத் தூக்கினார், பட்டர் பேப்பரை எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கொதிக்கிற காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். உதடுகள் அசைந்தன. கடைசியில் பலமாக ஒரு அழுத்து அழுத்தி, "ஆமென்," என்று முணுமுணுத்தார். டேப் ஒரு பக்கம் விட்டுக்கொண்டு காகிதம் வழுக்கியது.

"நைனா, இன்னா பண்ற நீ?"

வடை திருடித் தின்னும்போது மாட்டிக்கொண்ட பிள்ளைபோல் அவர் முழித்தார். "நீதானே மா கோஸ்ட் வர்துன்னு சொன்ன. சபைல கை வச்சித்தானே ஜெபம் பண்ணுவாங்கோ. நீ சிரிப்பேன்னுதான் சொல்லாம பண்ணேன்."

சிரிக்கத்தான் செய்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். "அது பேய் இல்ல நைனா, மை. நீ கை வச்சி அமுக்கறதாலதான் பேப்பர் நகர்ந்து ரெண்டா வுழுது."

அவர் சிரிக்கவில்லை. "அப்போ எல்லாம் என் கையாலதானா?"

"ஆமா நைனா."

"கர்த்தர் வேணான்னு சொல்லலியா?"

"இன்னாது?"

"நான் ஜெபிக்க ஜெபிக்க அது ஜாஸ்தியாய்க்கினே போச்சே மா. நீ இங்க எங்கூட இருக்கறது தேவசித்தம் இல்லியோன்னு நெனச்சிக்கினேன். காலைல உன் பொட்டிய எறக்கித் தொடச்சி வச்சிட்டேன்."

கேசியாவின் சிரிப்பு அடங்கிப்போனது. தன் பயம் மட்டும்தான் பயம் என்று இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று அவளுக்கு மனசு கனத்தது. புது ஷர்ட் ஒன்றை விரித்து, காகிதத்தை ஒட்டி, மூடியை இறக்கினாள். மெஷின் கீச்சிட்டதும் அவர் மூடியைத் தூக்கிவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் காகிதத்தைச் சூட்டோடு நேர் மேலே ஒரே இழுப்பில் உரித்தாள். மீசை முடி முதல் வால் நுனி வரை ஒரே சிறுத்தை.

அடுத்த பஸ்ஸில் திருப்பதி போனாள். பத்மினி மேடம் மைதானத்தில் நின்றபடியே ஷர்ட்டை இழுத்துப் பார்த்தார், கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். "பாகுந்தி மா. இதே மாதிரி எல்லாத்தையும் போட்டுடு," என்றார்.

மைதானத்துக்கு வெளியே வந்ததும் கேசியா வீட்டுக்கு போன் போட்டாள்.

"நைனா, அந்தப் பொட்டியத் திரும்பப் பரண்ல ஏத்திடு."

போனில் நாற்காலியைப் பரண் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது.